தலைகீழாகத் தொங்கும் கற்றாழை பிழைக்கிறது. தொட்டியில் வைத்தது அழுகுகிறது... ஏன்?

ஊர்ப்பக்கம் பல வீடுகளில் வாசல் நிலைக்கு மேலே, திருஷ்டிக்காக ஒரு சோற்றுக்கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்க விட்டிருப்பார்கள். அமாவாசை அன்று கட்டியதாக இருக்கும். வேருக்கு மண் கிடையாது. யாரும் தண்ணீர் ஊற்றுவதும் கிடையாது. ஆனாலும் மாதக்கணக்கில் பச்சை மாறாமல் நிற்கும். கொஞ்ச நாள் போனால் குருத்து மேல்நோக்கி வளைந்து வெளிச்சத்தைத் தேடத் தொடங்கிவிடும். அதே வீட்டுக் கொல்லையில், அதே தாய்ச்செடியில் இருந்து பிரித்த இன்னொரு கன்று தொட்டியில் இருக்கும். காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு தண்ணீர். போதாததற்கு அரிசி கழுவிய நீர், டீத்தூள் சக்கை. இரண்டே மாதத்தில் அடிமடல் கொழகொழவென்று ஆகி, தொட்டால் கையோடு வந்துவிடும்.

'கற்றாழைகூட நமக்கு வரமாட்டேங்குது, கைராசி அப்படி' என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். கைராசியில் குறை எதுவும் இல்லை. நெல்லுக்கும் கத்தரிக்கும் வாழைக்கும் பழகிய கை அது. இலை சோர்ந்தால் உடனே தண்ணீர் காட்ட வேண்டும் என்பது விவசாயக் குடும்பத்தில் சின்ன வயதிலேயே படிந்துவிடுகிற பழக்கம். கற்றாழைக்கும் கள்ளிக்கும் அந்த நல்ல பழக்கம்தான் எமன்.

கற்றாழை பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றில் அடங்கிவிடும். வைத்தது ஏன் அழுகுகிறது, வெறும் வயிற்றில் சாப்பிடலாமா, ஒரு ஏக்கர் போட்டால் லாபம் வருமா. மூன்றாவது கேள்வி கேட்பவர்களில் பலர், முதல் கேள்விக்கே இன்னும் விடை தெரியாதவர்கள். எனவே தொட்டியில் இருந்தே தொடங்கலாம்.

இரவில் மூச்சு விடும் செடி

நெல்லும் வாழையும் பகலில்தான் இலைத் துளைகளைத் திறந்து காற்றை இழுக்கின்றன. திறந்த துளை வழியாக வெயிலில் நீரும் ஆவியாகிப் போகிறது. அதனால் அவற்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கற்றாழையும் கள்ளியும் வேறு வழியைப் பிடித்துக்கொண்டவை. பகல் முழுக்கத் துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தணிந்து இரவு வந்த பிறகுதான் திறக்கின்றன. இரவில் இழுத்த காற்றை உள்ளே சேமித்து வைத்து, பகல் வெளிச்சத்தில் அதைக்கொண்டு உணவு தயாரிக்கின்றன. இதனால் நீர்ச் செலவு மிகமிகக் குறைவு. போதாதென்று, கற்றாழை தன் மடலிலும் கள்ளி தன் தண்டிலும் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கின்றன. கற்றாழைச் சோற்றில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் வெறும் தண்ணீர்தான்.

பிறந்த இடமும் காரணம். சோற்றுக்கற்றாழையின் பூர்வீகம் அரேபியத் தீபகற்பம். கள்ளிக் குடும்பம் கிட்டத்தட்ட முழுவதும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. எப்போதாவது மழை பெய்யும், பெய்த தண்ணீர் சரளை வழியாக உடனே வடிந்துவிடும், பிறகு பல வாரம் காய்ச்சல். இப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த வேருக்குத் தண்ணீரைவிடக் காற்றுதான் அதிகம் தேவை. தினமும் நனைகிற மண்ணில் காற்று புகாது. வேர் மூச்சு முட்டிச் சாகும். செத்த வேரில் பூஞ்சணம் ஏறும். அது தண்டுக்குப் பரவி, நம் கண்ணில் படும்போது அடிமடல் கொழகொழத்திருக்கும். இதில் ஒரு சங்கடம் உண்டு. வேர் அழுகிய செடியால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால் அதன் மடலும் சுருங்கி வாடும். அதைப் பார்த்து 'தண்ணீர் போதவில்லை' என்று இன்னும் இரண்டு சொம்பு ஊற்றுவார்கள்.

எது கற்றாழை, எது கள்ளி?

பெயர்க் குழப்பத்தால் வருகிற ஆபத்து சாதாரணமானது அல்ல. வேலி ஓரத்தில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, மடல் ஓரத்தில் கொக்கி முள்ளும் நுனியில் ஊசி முள்ளும் இருப்பது ஆனைக்கற்றாழை. அது வேறு இனம். அதன் சாறு பட்டால் தோல் அரிக்கும். சோற்றுக்கற்றாழை என்று நினைத்து அதை வெட்டி முகத்தில் பூசி அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நர்சரிகளில் புள்ளி போட்டும் வரி போட்டும் விற்கிற அலங்காரக் கற்றாழைகளும் பார்வைக்கு மட்டும்தான். சாப்பிட அல்ல.

கள்ளியிலும் இரண்டு கூட்டம் உண்டு. திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி ஆகியவை பால் வடிக்கும் கள்ளிகள். கள்ளிப்பால் என்ன செய்யும் என்று இந்த மண்ணில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கண்ணில் தெறித்தால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நர்சரியில் சின்னத் தொட்டியில் வரும் உருண்டை, தூண் வடிவக் கள்ளிகள் அமெரிக்கக் கூட்டம். இரண்டையும் பிரித்துப் பார்க்க முள்ளைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கள்ளியில் ஒவ்வொரு முள் கொத்தும் பஞ்சு போன்ற ஒரு சின்ன மெத்தையில் இருந்து கிளம்பும். பால்கள்ளியில் அந்த மெத்தை இருக்காது. 'கீறிப் பார்த்தால் பால் வந்தால் அது' என்று சொல்வார்கள். ஆனால் அமெரிக்கக் கள்ளிகளிலும் பால் வடிகிற ஓரிரு இனம் இருப்பதால் மெத்தையை நம்புவதே மேல்.

சிவப்பு, மஞ்சள் உருண்டை ஒன்று பச்சைத் தண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். தொட்டிக் கள்ளியில் குழந்தைகள் முதலில் கை நீட்டுவது இதற்குத்தான். அது பூ அல்ல. பச்சையமே இல்லாத ஒரு கள்ளியை, டிராகன் பழச் செடியின் தண்டில் ஒட்டுக் கட்டியது. மேலே இருப்பதற்குத் தனியாக உணவு தயாரிக்கத் தெரியாது. கீழே இருப்பதுதான் சமைத்துப் போடுகிறது. இரண்டின் வளர்ச்சி வேகமும் வேறு வேறு என்பதால் சில வருடங்களில் ஒட்டு பிரிந்துவிடுவது வழக்கம். புதிதாகத் தொடங்குகிறவர் இதை வாங்கி, செத்துவிட்டதே என்று மனம் விட வேண்டாம். (டிராகன் பழமும் ஒரு கள்ளிதான் என்பது அதைத் தோட்டத்தில் போட்டிருக்கிற விவசாயிகளிலேயே பலருக்குப் புதுச் செய்தி.)

சப்பாத்திக்கள்ளி வகையில் 'முள்ளே இல்லை' என்று விற்கிற முயல்காதுக் கள்ளியிடம் எச்சரிக்கை தேவை. அதில் உள்ள மஞ்சள் புள்ளிகள் எல்லாம் சுணை. விரலில் நூற்றுக்கணக்கில் ஏறும், கண்ணுக்கும் தெரியாது. ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தால் பெரும்பகுதி வந்துவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்த வகை வேண்டாம்.

மண்ணில்தான் பாதி வெற்றி

வயல் மண்ணை அப்படியே அள்ளித் தொட்டியில் போடக் கூடாது. கரிசலும் வண்டலும் வயலுக்கு வரம், இந்தத் தொட்டிக்குச் சாபம். சரளை கலந்த செம்மண் கிடைக்கிற ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

கற்றாழைக்குச் செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ அரைப் பங்கு போதும். சின்னக் கள்ளிக்கு மணலை இரண்டு பங்காக்கி, உரத்தைக் கால் பங்காகக் குறைக்க வேண்டும். ஆற்று மணல் இப்போது விலை கொடுத்தாலும் கிடைப்பதில்லை. எம்-சாண்ட் பயன்படுத்தலாம். ஆனால் அதில் உள்ள மாவு போன்ற தூள் தண்ணீர் பட்டதும் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். சல்லடையில் சலித்து, தூளை நீக்கி, மிச்சம் நிற்கும் குருணையை இரண்டு தடவை கழுவிக் காயவைத்துச் சேர்க்க வேண்டும். உடைந்த செங்கல்லையும் ஓட்டையும் கடலைப் பருப்பு அளவுக்கு நொறுக்கிப் போட்டால் அதைவிட நல்லது. காசும் இல்லை. அடுப்புக் கரித்துண்டு கொஞ்சம் சேர்க்கலாம். கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கையில் எடுத்து நனைத்துப் பிசைந்து உருண்டை பிடிக்க வேண்டும். கையைத் திறந்ததும் உருண்டை உதிர வேண்டும். கொழுக்கட்டை மாதிரி நின்றால் இன்னும் மணல் தேவை.

நர்சரியில் இருந்து வருகிற செடிகள் பெரும்பாலும் தேங்காய் நார்க்கழிவில் இருக்கும். எடை குறைவு, லாரியில் ஏற்ற வசதி என்பதற்காக அவர்கள் அதில் வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபின் அதிலேயே விட்டுவிட்டால் நனைந்தால் நாள் கணக்கில் ஈரம் பிடித்துக்கொள்ளும். ஒரேயடியாகக் காய்ந்துவிட்டால் ஊற்றிய தண்ணீர் ஒட்டாமல் ஓரமாக வழிந்து ஓடிவிடும். வாங்கி வந்து ஒரு வாரம் நிழலில் பழகவிட்டு, நார்க்கழிவை மெல்ல உதிர்த்துவிட்டு நம் கலவையில் மாற்ற வேண்டும். கள்ளியைக் கையாளச் செய்தித்தாளை நாலாக மடித்துப் பட்டையாக்கி, செடியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினால் முள் குத்தாது. மாற்றிய பிறகு ஐந்தாறு நாள் தண்ணீரே வேண்டாம். அறுபட்ட வேர்கள் ஆற வேண்டும்.

தொட்டி, மண் தொட்டியாக இருந்தால் பக்கவாட்டிலும் ஈரம் காயும். பிளாஸ்டிக் என்றால் அடியில் நான்கைந்து துளை கட்டாயம். பெயிண்ட் டப்பா, நெய் டின், எதுவானாலும் சரி, துளை இல்லாவிட்டால் அது தொட்டி அல்ல, கிணறு. செடியைவிட மிகப் பெரிய தொட்டியும் தவறு. வேர் எட்டாத மண்ணில் தங்கும் ஈரத்தை உறிஞ்ச ஆள் இருக்காது. எலுமிச்சை அளவு கள்ளிக்கு 4 அங்குலத் தொட்டி போதும். கற்றாழைக் கன்றுக்கு 8 அங்குலம். அது தாயாகிக் கன்று தள்ளத் தொடங்கியதும் 12 அங்குலத்துக்கு மாற்றலாம்.

எப்போது தண்ணீர்?

'வாரம் எத்தனை தடவை' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. மண் சொல்வதைக் கேட்க வேண்டும். ஒரு ஈர்க்குச்சியைத் தொட்டியின் பாதி ஆழத்துக்குக் குத்தி எடுத்தால், அதில் மண் ஒட்டி வந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். சுத்தமாக வந்தால் தண்ணீர் ஊற்றலாம். ஊற்றும்போது அடித்துளை வழியாக வடிகிற அளவுக்கு முழுமையாக ஊற்ற வேண்டும். அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். தினமும் ஒரு கரண்டி தெளிப்பது இரண்டுங்கெட்டான் வேலை. மேல்மண் எப்போதும் ஈரம், அடிவேர் எப்போதும் காய்ச்சல்.

பங்குனி, சித்திரை வெயிலில் வாரம் ஒரு முறை வரலாம். ஆடிக் காற்றில் மண் சீக்கிரம் காயும், அப்போதும் ஏறத்தாழ அதே அளவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் சொம்பைத் தொடவே வேண்டாம். கள்ளித் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிட வேண்டும். கற்றாழை கொஞ்சம் தாங்கும், ஆனாலும் தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்தால் அடித்துளை அடைபடாது. மார்கழி, தையில் பனி இருக்கும், வளர்ச்சி மந்தமாக இருக்கும். 15 நாளுக்கு ஒரு முறையே அதிகம். எந்தக் காலத்திலும் கற்றாழையின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்க விடக் கூடாது.

உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள ஊர்களில் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளை பூத்திருப்பதைப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை மழைநீரோ நல்ல தண்ணீரோ தாராளமாக விட்டு மண்ணை அலசி வடிக்க வேண்டும். இப்போது பல வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரம் வந்துவிட்டது. அது வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். நீரில் இருந்த உப்பெல்லாம் சேர்ந்து வருவது அதில்தான். பாத்திரம் கழுவ, தரை துடைக்க வைத்துக்கொள்ளட்டும்.

வெயில் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலை வெயில் நாலைந்து மணி நேரம் படுகிற கிழக்குப் பக்கம் இரண்டுக்கும் நல்லது. வெளிச்சம் குறைந்தால் கற்றாழை மடல் வெளிறி, நீண்டு, சரிந்துவிடும். உருண்டைக் கள்ளி கூம்பு மாதிரி மேலே ஒடுங்கி நீளும். கள்ளியில் அப்படி மாறிய உருவம் திரும்பாது. நிழலில் வளர்ந்ததைத் திடீரென மொட்டை மாடி வெயிலில் வைத்தால் கற்றாழை செங்காவி நிறத்துக்கு மாறும். கள்ளி வெந்து வெள்ளைத் தழும்பு விழும். பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். உரமும் அப்படித்தான், வருடத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் மேல்மண்ணில் கலந்தால் கற்றாழைக்குப் போதும். யூரியா போட்டால் மடல் ஊதி, சதை இளகி, அழுகலுக்கு வழி திறக்கும்.

அழுகியதைக் காப்பாற்ற முடியுமா?

முடியும், நடுக்குருத்து உறுதியாக இருந்தால். செடியைத் தொட்டியில் இருந்து பிடுங்கி மண்ணை உதற வேண்டும். பழுப்பாக, நாற்றம் அடிக்கிற வேர்களையும் மடல்களையும் கூர்மையான கத்தியால் நீக்க வேண்டும். அடித்தண்டை வெட்டிப் பார்த்தால் நடுவில் பழுப்பு வட்டம் தெரியும். அந்த வட்டம் மறைந்து வெள்ளையாக, சுத்தமாகத் தெரிகிறவரை மேலே மேலே சீவிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். பாதிச் செடி போய்விட்டதே என்று பாதியில் நிறுத்தினால் மிச்சமும் போய்விடும். வெட்டுவாயில் மஞ்சள்தூளோ சலித்த அடுப்புச் சாம்பலோ தொட்டு வைத்து, நிழலில், காற்றாட, ஒரு வாரம் தலைகீழாகத் தொங்க விடலாம். வாசலில் கட்டுவார்களே, அதே வைத்தியம்தான். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியதும் காய்ந்த மணல் கலவையில் நிறுத்தி, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். மூன்று நான்கு வாரத்தில் மெல்ல அசைத்துப் பார்த்தால் பிடிப்பு தெரியும்.

பெருக்குவதில் ஒரு பரவலான தவறு உண்டு. கற்றாழை மடலை வெட்டி மண்ணில் சொருகுகிறார்கள். மடல் பல வாரம் பச்சையாக நிற்கும், பார்ப்பவர்கள் பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள், கடைசியில் அழுகும். கற்றாழை பக்கக் கன்றில்தான் பெருகும். நாலைந்து மடல் விட்டு, தனக்கென வேர் ஓடிய கன்றாகப் பார்த்துப் பிரித்து, இரண்டு மூன்று நாள் நிழலில் ஆறவிட்டு நட வேண்டும். கள்ளியில் ஒட்டியிருக்கும் குட்டி உருண்டைகளையும் இதே மாதிரி திருகி எடுத்து ஒரு வாரம் காயவைத்து நடலாம்.

வெள்ளைப் பஞ்சும் ஒரு பழைய கதையும்

தொட்டியைச் சுற்றி எறும்பு ஊர்ந்தால் மடல் இடுக்கிலும் முள்ளின் அடியிலும் வெள்ளைப் பஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது மாவுப்பூச்சி. ஒன்றிரண்டு இருக்கும்போதே ஸ்பிரிட்டில் தோய்த்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து எடுத்துவிடலாம். கூடுதலாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து வெயில் சாய்ந்த பிறகு தெளிக்கலாம். வெயிலில் எண்ணெய் தெளித்தால் தோல் வெந்துவிடும். காரணமே தெரியாமல் செடி சோர்ந்தால் வேரையும் பார்க்க வேண்டும். அங்கேயும் இந்தப் பூச்சி இருக்கும்.

இந்தப் பூச்சியின் தூரத்து உறவு ஒன்று நம் ஊர் வரலாற்றிலேயே இடம் பிடித்தது. சாயம் எடுக்கும் பூச்சியை வளர்ப்பதற்காக 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் பிரேசிலில் இருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த பூச்சி, நல்ல சாயம் தருகிற இனமாக இல்லாமல் போனது. ஆனால் அது கள்ளியைத் தின்று தீர்த்தது. புதராக மண்டிய கள்ளியை அழிக்க 1836 வாக்கில் அதையே தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பூச்சியை விட்டுக் களையை ஒழித்ததில் உலகிலேயே மிகப் பழைய முயற்சிகளில் ஒன்று இது. அதற்கும் அடங்காத இன்னொரு சப்பாத்திக்கள்ளி இனத்துக்கு 1926-ல் வேறொரு பூச்சி இலங்கை வழியாக வந்தது. மேய்ச்சல் நிலங்கள் மீண்டன. வேலியோரச் சப்பாத்திக்கள்ளியில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பஞ்சை நசுக்கினால் விரலில் ரத்தச் சிவப்பாக ஒட்டுமே, அதுதான். அந்த மடலை அலங்காரத்துக்கு என்று எடுத்து வந்து தொட்டிக் கள்ளிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

சாப்பிடலாமா?

மடலை வெட்டியதும் தோலுக்கு அடியில் இருந்து மஞ்சள் பால் வடியும். காய்ச்சி இறுக்கினால் அதுதான் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கரியபோளம். கடுமையாகப் பேதியாக்கும். கற்றாழையில் மலமிளக்கி மாத்திரை செய்து கடையில் சாதாரணமாக விற்பதை, பாதுகாப்புக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2002-ல் நிறுத்தியது இந்தப் பால் காரணமாகத்தான். சோற்றை எடுக்கும் முன் மடலை அரை மணி நேரம் சாய்த்து நிறுத்திப் பாலை வடித்து, தோலைத் தடிமனாகச் சீவி, உள்ளே உள்ள கண்ணாடிச் சதையை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று பாட்டிமார் சொன்னது சடங்கு அல்ல, இந்த மஞ்சளைப் போக்கத்தான். கழுவிய பின்னும் கசந்தால் வேண்டாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. சர்க்கரைக்கோ இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மேலுக்குப் பூசுவதானாலும் முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பூசுவது நல்லது.

ஒரு ஏக்கர் போடலாமா?

'கன்று நாங்கள் தருகிறோம், மடலை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்ற பேச்சு ஊருக்கு ஊர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. 3 அடிக்கு 2 அடி இடைவெளி என்றால் ஏறத்தாழ 7,260 கன்று. கன்று 5 ரூபாய் என்றால்கூட 36,300 ரூபாய் முதல் நாளே கை மாறிவிடுகிறது. வறட்சியைத் தாங்கும், ஆடு மாடு அவ்வளவாக வாய் வைக்காது, கொஞ்சம் உவர் மண்ணிலும் வரும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் மடல் மஞ்சளோ மிளகாயோ அல்ல, விலை இறங்கினால் மூட்டை கட்டி வைக்க. வெட்டிய சில மணி நேரத்திலேயே உள்ளே சோறு கெடத் தொடங்கும். டன் கணக்கில் லாரி ஏற்றுவது பெரும்பாலும் தண்ணீரைத்தான். ஆலை 200 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் வாடகையே விலையைத் தின்றுவிடும். கன்று விற்ற பிறகு போனை எடுக்காத ஆட்களால், ஏக்கர் கணக்கில் கற்றாழையை டிராக்டர் விட்டு உழுது போட்டவர்கள் உண்டு.

ஆசை இருந்தால் வாங்காமலே தொடங்கலாம். பக்கத்து வீட்டில் இருந்து ஐந்து கன்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அதை ஒரு வருடம் தொட்டியிலும், வரப்போர மேட்டிலும் வைத்துப் பெருக்கினால், அழுகாமல் வளர்க்கக் கை பழகிவிடும், கன்றும் பெருகிவிடும். வேர் பிடித்த கற்றாழைத் தொட்டியையும் குட்டிக் கள்ளியையும் வாரச்சந்தையிலோ கோயில் திருவிழாவிலோ வைத்தால் தனித்தனியாக விலை போகும். மகளிர் குழுக்களுக்கு ஏக்கர் சாகுபடியைவிட இது பொருந்தும். மழைக்காலத்துக்கு ஒரு தகரக் கொட்டகை மட்டும் தேவை.

அதற்கு மேலும் ஏக்கரில் இறங்குவதானால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 2019-ல் தமிழ்நாடு ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. வாங்குகிறவர் அதன்படி பதிவு செய்யச் சம்மதிக்கிறாரா என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கிலோ விலை என்ன, வண்டி வாடகை யார் தலையில், எந்தத் தரத்து மடலைத் திருப்பி அனுப்புவார்கள், பணம் எத்தனை நாளில் என்பதெல்லாம் கையெழுத்துக்கு முன்பே தாளில் வர வேண்டும். பிறகு, அந்த நிறுவனத்தோடு வேலை செய்த விவசாயி ஒருவரை அவருடைய தோட்டத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும். அவர்களிடம் கன்று வாங்கி நட்டவராக இருந்தால் போதாது. மடலை விற்று, பணத்தை வங்கிக் கணக்கில் வாங்கியவராக இருக்க வேண்டும்.